அங்கன்வாடி மூன்றரைக்கு மூடுகிறது, மில் வேன் ஆறு மணிக்கு வருகிறது. நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது?

வடகரப்பதிக்காரி
பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு நாலு வயது, எங்கள் வார்டு அங்கன்வாடிக்குப் போகிறாள். சின்னவனுக்கு ஒன்றரை. நான் வேலை பார்க்கிற மில் கோயம்புத்தூர்ப் பக்கம். காலை ஏழே முக்காலுக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் கிட்டே கம்பெனி வேன் வரும். திரும்பி வந்து இறங்க ஆறு ஆகிவிடும். வீட்டுக்காரருக்குக் கள்ளு இறக்குகிற வேலை, காலையிலும் மதியமும் சாயங்காலமும் மரத்தில் இருப்பார். இதுவரை மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதம் முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இப்போது அவரைப் பார்க்கவே ஆள் வேண்டும்.

ஒரு டே கேரில் விசாரித்தேன். ஒரு பிள்ளைக்கு மாதம் நாலாயிரம். சாப்பாடு நாம்தான் கொடுத்துவிட வேண்டும். ஐந்து மணி தாண்டினால் தனிக் காசு. என் கைக்கு வருவது பன்னிரண்டாயிரம். சரி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டலாம் என்று நேரில் போய்ப் பார்த்தேன். ஒரே ஹால், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஒரு பெண். டிவியில் கார்ட்டூன் ஓடுகிறது. மூலையில் கிடந்த குழந்தையின் டயப்பர் கனத்துத் தொங்குகிறது, அந்தப் பெண் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இரண்டு கைதான். ஆனால் சின்னவனை அங்கே விட்டுவர மனசு வரவில்லை.

பிள்ளை பார்க்க அரசாங்கம் ஏதாவது உதவி செய்கிறதா? கேட்பது கேரளாவிலா, தமிழ்நாட்டிலா? வீடு இங்கே, வேலை அங்கே.

டீச்சரம்மா
அம்மிணி, நான் சித்தூர் தாலூக்காவில் ஒரு அங்கன்வாடி டீச்சர். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடி என்பது, வேலைக்குப் போகிற அம்மாவை நினைத்துத் தொடங்கியது அல்ல. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதற்கும் சேர்த்து 33 வட்டாரங்களில் ஆரம்பித்தார்கள். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, பள்ளிக்கு முந்தைய படிப்பு, இதெல்லாம்தான் நோக்கம். அம்மா வீட்டிலோ பக்கத்து வயலிலோ இருப்பார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்கிற கணக்கில் நேரத்தை வைத்தார்கள். கேரளாவில் இன்று 33,115 அங்கன்வாடி இருக்கிறது, நேரம் ஒன்பதரை முதல் மூன்றரை வரை. உங்கள் பெரியவளுக்கு அது போதாது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற உங்கள் மகனுக்கு அங்கே உட்கார இடமே கிடையாது. அவன் பங்குக்கு அமிர்தம் பொடி பாக்கெட் வீட்டுக்கு வரும். குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழு) யூனிட்டில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்து அரைப்பது. நல்ல பொடி, குறை சொல்ல முடியாது. ஆனால் பொடி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாதே.

“மூன்றரைக்கே பூட்டிவிட்டுப் போகிறார்கள்” என்று பேசுகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். பிள்ளைகள் போன பிறகுதான் வீடு பார்க்கப் போவதும் ரிஜிஸ்டர் எழுதுவதும் போஷன் டிராக்கர் என்கிற அரசு ஆப்பில் ஏற்றுவதும். 2025 ஜூலையிலிருந்து பொடி வாங்குகிறவர் முகத்தையும் போன் கேமராவில் காட்டியாக வேண்டும். மில்லுக்குப் போகிற அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு. தென்னந்தோப்பு ஓரத்தில் நானும் அவரும் நின்று, போனை மேலே தூக்கி, கீழே இறக்கி, “தலையில் போட்ட துண்டை எடுங்கள், வெயில் பக்கம் திரும்புங்கள்” என்று ஆளையே ஒரு சுற்றுச் சுற்ற வைக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். போன் தமிழ்நாட்டுக்காரன் டவரைப் பிடித்திருக்கும்.

எனக்கு வருகிற பணத்தில் மத்திய அரசு பங்கு 4,500 ரூபாய், 2018 அக்டோபரில் நிர்ணயித்தது. ஹெல்பருக்கு 2,250. மீதியை மாநிலம் போடுகிறது. இதே ஆளை வைத்து ஆறு மணி வரை திறந்து வை என்றால் முடியாது என்றுதான் சொல்வேன். இன்னொரு ஆளைக் கொடுத்துச் சொல்லுங்கள், யோசிக்கலாம்.

கஞ்சிக்கோடு ஷிஃப்ட்
தங்கச்சி, உங்கள் கேள்வியில் பாதி டீச்சருக்கு, பாதி எனக்கு. பிள்ளைக்குச் சத்துணவு, அங்கன்வாடி எல்லாம் குடியிருக்கிற ஊர்க் கணக்கு, அதாவது கேரளா. கம்பெனி செய்ய வேண்டியது வேலை பார்க்கிற இடத்துக் கணக்கு, அது தமிழ்நாடு. கோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு இது தெரியாமல், இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே போ என்று பந்தாடுகிறார்கள்.

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 48ஆம் பிரிவு இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை, அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள். 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் கிரெச் (பிள்ளைக் காப்பகம்) வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று போட்டார்கள். 2025 நவம்பரில் பழைய சட்டங்களை எல்லாம் சுருட்டி நாலு தொகுப்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் இந்த ஐம்பது நிற்கிறது. ஆண், பெண் சேர்த்து எண்ணினால் போதும். அதனால் “எங்களிடம் பெண்கள் குறைவு” என்கிற சாக்கு இனி செல்லாது.

உங்கள் மில்லில் எத்தனை பேர்? கிரெச் என்று போர்டு மாட்டிய அறை இருக்கிறதா?

வடகரப்பதிக்காரி
இருக்கிறதே! போர்டு இருக்கிறது, உள்ளே இரண்டு தொட்டில் இருக்கிறது, சுவரில் யானையும் முயலும் வரைந்திருக்கிறார்கள். தொட்டிலில் நூல்கோன் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. ஆள் வந்து சோதிக்கிற அன்று மட்டும் பெட்டி வெளியே போகும்.

ஒருவேளை திறந்தாலும், ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வேனில் எப்படிப் போவது? இருபது பேர் உட்கார்கிற வண்டியில் முப்பது பேர் நிற்கிறோம்.

கள்ளிக்காட்டான்
எல்லாவற்றுக்கும் அரசாங்கமா? என் ஆத்தா ஆறு பிள்ளை பெற்றார், ஆறையும் வளர்த்தார். கிரெச்சும் இல்லை, டே கேரும் இல்லை. அரசாங்கம் கட்டிடம் கட்டினால் கான்ட்ராக்டருக்குக் காசு. அதைவிட மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ அம்மா கையில் கொடுத்துவிடட்டும். வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்க்கிறவர் பார்க்கட்டும், வேலைக்குப் போகிறவர் அந்தக் காசை டே கேருக்குக் கட்டட்டும். அவரவர் இஷ்டம்.

வடகரப்பதிக்காரி
அண்ணா, உங்கள் ஆத்தா கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போனபோது உங்களை யார் தூக்கி வைத்திருந்தது?

கள்ளிக்காட்டான்
பெரிய அக்காதான். அவர் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் அதனால்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நான் சொன்ன காசு விஷயம் தப்பாகிவிடாது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கஞ்சிக்கோடு ஷிஃப்ட்
நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் எந்தக் கிரெச்சில் சேர்ப்பீர்கள்? கடையே இல்லாத ஊரில் கையில் காசு இருந்து என்ன செய்ய? இருக்கிற ஒரே டே கேர்காரரும் உங்கள் மூவாயிரத்தைப் பார்த்ததும் நாலாயிரத்தை ஐயாயிரம் ஆக்குவார். ஹாலில் அதே ஒரு பெண்தான் இருப்பார். அவர் சம்பளமும் ஏறாது.

ஒலவக்கோடு ரயில்வே காலனி
இதை ஒரு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் மத்திய அரசு ஊழியர். பிள்ளை பார்க்க எங்களுக்கு 730 நாள் விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு எண்பது சதவீதம். என் இரண்டு பிள்ளைகளின் பரீட்சை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் எடுத்திருக்கிறேன். அரசாங்கப் பணத்தில்தான் என் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன், அதை யாரும் இலவசம் என்று ஏசியது கிடையாது. மில்லுக்குப் போகிற பெண் கேட்டால் மட்டும் “எல்லாவற்றுக்கும் அரசாங்கமா” என்று வருகிறது. கள்ளிக்காட்டான் அண்ணன் கோபிக்க வேண்டாம், எங்கள் ஆபீசிலும் இதையே சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தேயிலைமேடு
மூணாறிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்குக் கிரெச் புதிது அல்ல. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தால் அல்லது அவர்கள் பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் தோட்டம் கிரெச் நடத்தியாக வேண்டும் என்று இருந்தது. என் அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது என்னை ஆயாவிடம் போட்டுவிட்டுப் போவார். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில். எந்தச் சேலை யாருடையது என்பதை வைத்து ஆயா பிள்ளையை அடையாளம் சொல்வார், பேரைக் கேட்டால் தடுமாறுவார். பெரிய குண்டானில் பால் கொதிக்கும். பத்து, பத்தரைக்கு அம்மாமார் கூடையை மலையிலேயே வைத்துவிட்டு இறங்கி வருவார்கள். மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளை வாசலில் அவிழ்த்துப் போட்டு, கையை வெந்நீரில் கழுவி, அப்புறம்தான் ஆயா பிள்ளையைக் கையில் கொடுப்பார். கொழுந்துக் கறையும் மருந்து வாடையும் பிள்ளை வாயில் போகக்கூடாது என்று அந்த ஆயா வைத்திருந்த சட்டம் அது. கம்பெனி எழுதி வைத்தது அல்ல.

அந்தக் கிரெச் கம்பெனிக்காரர் தருமம் இல்லை. பெண் நேரத்துக்கு மலை ஏறினால்தான் கொழுந்து, அதனால் வைத்தார்கள். செலவு கம்பெனியுடையது, கட்டாயம் சட்டத்துடையது, இடம் வேலைக்குப் பக்கத்தில், நேரம் வேலை நேரம். நீங்கள் எல்லோரும் இப்போது தேடுகிற நாலும் ஒன்றாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் படித்து மலை இறங்கினார்கள், லயத்தில் பிள்ளை எண்ணிக்கை குறைந்தது, இரண்டு மூன்று டிவிஷனுக்கு ஒரு கிரெச் என்று சேர்த்தார்கள். இப்போது ஜார்கண்ட், அசாம் ஆட்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், லயத்தில் மறுபடி சின்னப் பிள்ளைகள். ஆயாவுக்கு இந்தி தெரியாது, பிள்ளைக்குத் தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது. எப்படியோ ஓட்டுகிறார்கள்.

2015இல் பெம்பிளை ஒருமை என்று சேர்ந்த தோட்டத் தொழிலாளர் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது போனஸும் கூலியும்தான் வெளியே பேசப்பட்டது. அன்றைக்கு அத்தனை நாள் பெண்கள் ரோட்டில் இருந்தார்களே, பிள்ளைகளை யார் பார்த்தது என்று எந்த சேனலும் கேட்கவில்லை. பாட்டிமார்தான்.

டொராண்டோ பாலக்காடன்
கனடாவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் கொல்லங்கோடு. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்பட்டால் சரி.

கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டினால் போதும் என்று குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கியது. தாய்மார் வேலைக்குப் போவது நன்றாகக் கூடியது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் 2021 பட்ஜெட்டில் மத்திய அரசு ஐந்து வருடத்துக்கு முப்பது பில்லியன் டாலர் ஒதுக்கி, நாடு முழுக்கச் சராசரி பத்து டாலர் என்று இலக்கு வைத்தது. எங்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளைக்குக் கட்டின தொகை மூத்தவனுக்குக் கட்டினதில் பாதிகூட இல்லை. பெரிய நிம்மதிதான்.

ஆனால் இடம்? விலை இறங்கியதும் எல்லோரும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே பேர் கொடுத்து வைக்கிறோம். பிள்ளை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் போதாமல் அவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், ஆள் இல்லாமல் அறை பூட்டிக் கிடக்கிறது. கியூபெக்கிலும், கூட்டத்தைச் சமாளிக்க அவசரத்தில் திறந்த இடங்களில் தரம் சரியில்லை என்று ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கட்டணத்தைக் குறைப்பதோடு நின்றால் பாதி வேலைதான்.

கள்ளிக்காட்டான்
பத்து டாலர் நம் காசில் எவ்வளவு தம்பி? அறுநூறு ரூபாயா? எங்கள் ஊரில் அது ஒரு நாள் கூலி. கனடாக் கதையை எடுத்து வைத்துவிட்டு ஊர்க்கதைக்கு வருவோம்.

டொராண்டோ பாலக்காடன்
அண்ணா, டாலரை விடுங்கள். பிள்ளை பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் பிள்ளை பார்க்க முடியாது என்பது கொல்லங்கோட்டுக்கும் பொருந்தும்தானே.

நகரிப்பக்கம்
நாங்கள் ஆந்திரா எல்லை. விசைத்தறி ஓடுகிற தெரு, வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் தெலுங்கு. சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தொடங்கி ஆந்திரா முழுக்க அங்கன்வாடி ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள், 42 நாள். டீச்சருக்கு 11,500, ஆயாவுக்கு 7,000 என்று இருந்தது, அதை உயர்த்து, பணிக்கொடை கொடு என்று. அரசு எஸ்மா சட்டத்தைப் போட்டது. யோசித்துப் பாருங்கள், எஸ்மா என்றால் அத்தியாவசியப் பணி. சம்பளம் கேட்டால் நீ முழுநேர ஊழியரே இல்லை, மதிப்பூதியம்தான். வேலையை நிறுத்தினால் நீ அத்தியாவசியம்!

அந்த 42 நாள் எங்கள் தெருவில் தறிச்சத்தம் குறைந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளைகளைத் தறி பக்கத்தில் வைத்துக்கொண்டு பாவு ஓட்ட முடியாது. நாடா பறக்கிற இடம். பெண்கள் பாதி நேரம்தான் உட்கார்ந்தார்கள். அங்கன்வாடிக்குப் போடுகிற காசு எங்கே திரும்பி வருகிறது என்று கேட்கிறவர்கள் அப்போது நகரிக்கு வந்திருக்க வேண்டும்.

டீச்சரம்மா
பணிக்கொடை விஷயத்தில் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, 1972 சட்டப்படி அங்கன்வாடி ஊழியருக்கும் ஹெல்பருக்கும் உரிமை உண்டு என்று. தீர்ப்பு வந்தது, பணம் வந்தபாடில்லை என்று எங்கள் யூனியன் கூட்டத்தில் பேசுகிறோம்.

அம்மிணி, உங்கள் சின்னவனுக்காக இன்று விசாரித்தேன். பால்னா என்று ஒரு திட்டம் இருக்கிறது. முன்னால் ராஜீவ் காந்தி தேசியக் கிரெச் திட்டம் என்று 2006இல் வந்தது, 2017இல் தேசியக் கிரெச் திட்டம் என்று பேர் மாறியது, 2022இல் பெண்களுக்கான மிஷன் சக்தித் திட்டத்துக்குள் போய் பால்னா ஆகிவிட்டது. மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. இருக்கிற அங்கன்வாடியோடு சேர்த்தே கிரெச் நடத்தலாம், அதற்குத் தனியாக ஒரு ஊழியர், ஒரு ஹெல்பர். நாடு முழுக்க 17,000 திறப்பது இலக்கு. கேரளாவிலும் சில இடத்தில் திறந்திருக்கிறார்கள், நம் பக்கம் இன்னும் வரவில்லை.

பழைய விதியில் கட்டணம்கூட நியாயமாகத்தான் இருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் பிள்ளைக்கு மாதம் 20 ரூபாய், குடும்ப வருமானம் மாதம் 12,000 வரை என்றால் 100, அதற்கு மேல் 200. நாலாயிரம் எங்கே, நூறு எங்கே. நேரம் ஒரு நாளைக்கு ஏழரை மணி, மாதத்தில் 26 நாள், அந்த ஊர் அம்மாமார் வேலை நேரத்தைப் பார்த்து அமைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

வடகரப்பதிக்காரி
டீச்சர், ஏழரை மணி நேரம் என்றால் காலை ஏழரைக்குத் திறந்தால் மூன்று மணிக்கு முடிந்துவிடும். பத்தரைக்குத் திறந்தால் ஆறு மணி. எனக்கு இரண்டு முனையும் வேண்டுமே.

தேயிலைமேடு
அதுதான் கிடுக்கி. இரண்டு பேரை ஒரே நேரத்தில் வைக்காமல் ஒருவரைக் காலையிலும் ஒருவரைச் சாயங்காலமுமாக ஒரு மணி, இரண்டு மணி தள்ளி வரச் சொன்னால் நடு நேரத்தில் இரண்டு பேரும் இருப்பார்கள், ஓரத்தில் ஒருவர் இருப்பார். எஸ்டேட் கிரெச்சில் இரண்டு ஆயா அப்படித்தான் மாறிக்கொண்டார்கள். ஆனால் ஓரத்தில் தனியாக இருக்கிறவரிடம் கைப்பிள்ளை நாலு சேர்ந்தால் கஷ்டம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சி சந்தை
கர்நாடகாவில் ‘கூசின மனெ’ என்று கேள்விப்பட்டீர்களா? 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், நாலாயிரம் கிராமப் பஞ்சாயத்தில் பிள்ளை காப்பகம். நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளை பார்ப்பதையே வேலையாகக் கணக்கெடுத்துக் கூலி. இதற்கு அடிப்படை 2005 நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இருந்தது. வேலைத்தளத்துக்குச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க மட்டும் ஒதுக்கி அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று இருந்தது. எங்கள் பக்கம் அந்த வேலையைக் கிழவிகளுக்குச் சும்மா உட்கார வைக்கிற சலுகையாக ஆக்கிவிட்டார்கள். புளியமரத்தில் தூளி கட்டி, ஒரு பாட்டி, வெற்றிலைப்பெட்டி. பயிற்சி கொடுத்துச் செய்தால் அது வேறு விஷயம்.

கஞ்சிக்கோடு ஷிஃப்ட்
கேரளாவில் பஞ்சாயத்துக்கே வழி இருக்கிறது. பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில் பத்து சதவீதம் பெண்களுக்கான திட்டம், ஐந்து சதவீதம் பிள்ளைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கியாக வேண்டும். அங்கன்வாடிச் சாப்பாட்டுக்கே பஞ்சாயத்துக் காசு போகிறது. இந்தப் பத்து சதவீதத்தில் தையல் மெஷினும் ஆட்டுக்குட்டியும் வாங்கியே பல இடத்தில் கணக்கை முடிக்கிறார்கள். கிராம சபையில் “எங்கள் வார்டில் மில்லுக்குப் போகிற அம்மாமார் இத்தனை பேர், மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இத்தனை” என்று எழுத்தில் கொடுத்தால் மறுக்க முடியாது. வாயால் சொன்னால் மினிட்ஸில் ஏறாது.

மில்லுக்கு எதிராகவும் எழுதலாம். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம்தான் அதைப் பார்ப்பது. கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலம் வந்திருந்தாலும் உங்களையும் எண்ணியாக வேண்டும். தனியாக எழுத வேண்டாம்.

வடகரப்பதிக்காரி
மில்லுக்கு எதிராக எழுதுவதை இப்போது விட்டுவிடுகிறேன் அண்ணா. பேர் வெளியே வந்தால் அடுத்த மாதம் எங்கள் ஊருக்கு வேனே வராது. வேன் இல்லையென்றால் கிரெச் வந்தும் பிரயோஜனம் இல்லை. பஞ்சாயத்து வழியைப் பார்க்கிறேன்.

கள்ளிக்காட்டான்
வந்தாலும் மலையாளம் பேசுகிற ஆளைத்தான் போடுவார்கள். கைப்பிள்ளை அழுதால் என்ன கேட்கிறது என்றே புரியாது.

டீச்சரம்மா
அண்ணா, நான் மலையாளத்தில் பரீட்சை எழுதி வந்தவள், வீட்டில் தமிழ். என் சென்டரில் பாட்டு இரண்டிலும் நடக்கும். முட்டை பிரியாணி என்றால் எந்தப் பிள்ளைக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 2025இல் மெனுவை மாற்றிய பிறகு பிரியாணி அன்று ஒரு பிள்ளைகூட லீவு போடுவது கிடையாது. ஆனால் நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கிரெச் ஊழியர் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும் என்று கிராம சபை மனுவிலேயே எழுதுங்கள்.

வடகரப்பதிக்காரி
கிராம சபை முடிந்தது. வேனில் வருகிற பெண்களும் செங்கல் சூளைக்குப் போகிறவர்களுமாகச் சேர்ந்து எங்கள் வார்டில் பதினாலு வீடு கையெழுத்துப் போட்டார்கள், மூன்று வயதுக்குக் கீழே பதினாறு பிள்ளை. மெம்பர் முதலில் “அங்கன்வாடி கட்டிடத்தில் இடம் இல்லை” என்றார். பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பழைய வாசகசாலையைக் காட்டினோம். கூரை ஒழுகுகிறது, கக்கூஸ் இல்லை என்றார். அதற்குத்தானே திட்டப் பணம் என்று கேட்டதும் எழுதிக்கொண்டார். மினிட்ஸில் ஏறியதை நானே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சிடிபிஓ (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்) ஆபீசுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் டீச்சர்?

டீச்சரம்மா
கிராம சபைத் தீர்மானத்தின் நகல். பிள்ளைகள் பட்டியல், பிறந்த தேதியோடு. அம்மா எங்கே வேலை, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று ஒவ்வொருவருக்கும் எதிரே எழுதுங்கள், அதுதான் முக்கியம். நேரத்தை எழுதாமல் விட்டால் ஒன்பதரை முதல் ஐந்து என்று அவர்களாகவே போட்டு அனுப்பிவிடுவார்கள். அங்கன்வாடிக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்திலும் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உடனே நடக்கும் என்று நினைக்காதீர்கள். அதுவரை பெரியவளை நாலரை வரை அங்கேயே வைத்திருக்க முடியுமா என்று உங்கள் டீச்சரிடம் கேட்காதீர்கள், அவர் மறுத்தால் உங்களுக்குள் மனஸ்தாபம் வரும். சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்க முடிகிற அக்கா யாராவது பக்கத்தில் இருந்தால், அவருக்குப் பதினாலு வீடும் சேர்ந்து மாதம் ஏதாவது கொடுக்கப் பாருங்கள். குடும்பஸ்ரீ யூனிட்டாகப் பதிந்தால் பின்னால் அவரையே கிரெச்சுக்குக் கேட்கலாம்.

வடகரப்பதிக்காரி
கொடுக்கலாம் டீச்சர். தலைக்கு ஐநூறு என்று பேச்சு வந்தது. சூளைக்குப் போகிறவர்கள் முன்னூறுக்கு மேல் முடியாது என்கிறார்கள்.

கள்ளிக்காட்டான்
சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தின்ன என்ன கொடுப்பீர்கள்? அது யார் கணக்கு? என் தோப்பில் பழம் இருக்கிறது, ஆள் அனுப்பினால் வாரம் ஒரு தார் தருகிறேன். அதையும் அரசாங்கத்திடம் எழுதிக் கேட்க வேண்டாம்.

கஞ்சிக்கோடு ஷிஃப்ட்
பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஆனால் மனுவில் சாயங்காலச் சிற்றுண்டியையும் தனி வரியாக எழுதுங்கள். அண்ணன் தோப்பு எத்தனை வருடம் காய்க்கும் என்று யாருக்குத் தெரியும்?